அயர்லாந்து மூதாதையரைத் தேடுவது எப்படி: பங்குப் பதிவேடும் நிலவரிப் புத்தகமும்

அயர்லாந்தில் வேர் தேடுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் 1922. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே மிஞ்சின. சர்ச் ஆஃப் அயர்லாந்து (புராட்டஸ்டன்ட் திருச்சபை) பதிவேடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. நாடு முழுமைக்கும் கிடைக்கும் கணக்கெடுப்புகளில் மிகப் பழையது 1901தான். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) இருந்ததால் தப்பின. அவற்றையும் நிலவரிப் புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பதுதான் வேலையே.

படி 1: ஊரைக் கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. 'ஜான் மர்ஃபி, கவுன்டி கார்க்' என்று (கவுன்டி என்றால் மாவட்டம் மாதிரி) தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். உங்களுக்கு வேண்டியது டவுன்லேண்ட், அதாவது நிலப் பிரிவில் மிகச் சிறிய அலகு. நாட்டில் 60,000க்கு மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பல கவுன்டிகளில் இருக்கும்.

அந்தப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது, உங்கள் மூதாதையர் குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும். கல்லறைக் கல், மரண அறிவிப்பு, தேவாலயத் திருமணப் பதிவு, குடியுரிமை விண்ணப்பம், ராணுவச் சேர்க்கைத் தாள் எல்லாவற்றையும் பாருங்கள். அவருடையதில் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி, அக்கா தங்கையுடையதில் இருக்கலாம். (சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்றால், மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.)

ஊர்ப் பெயரை எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அயர்லாந்து ஊர்ப் பெயர்களுக்கான logainm.ie தளத்தில் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிடைத்ததும் சிவில் பங்கு (அரசு நிர்வாகப் பிரிவு), கத்தோலிக்கப் பங்கு இரண்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு, எல்லைகளும் பொருந்தாது. நிலவரி சிவில் பங்கின்படி, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கத்தோலிக்கப் பங்கின்படி. புதிதாகத் தேடுகிறவர்கள் தப்பான பதிவேட்டில் மாதக்கணக்கில் உட்காருவது இதைக் கவனிக்காததால்தான்.

படி 2: அரசுப் பதிவு

பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாருக்கும் 1864 ஜனவரி 1 முதல் பதிவாகின. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணங்கள் மட்டும் 1845 முதல். ஐரிஷ் ஜெனியாலஜி டாட் ஐஈ தளத்தில் பழைய பதிவுகளின் படங்கள் இலவசம். திருமுழுக்குத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் வந்தால் குழம்ப வேண்டாம். தாமதமாகப் பதிவு செய்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். இப்படி முரண்பட்டால் தேவாலயத் தேதியையே நம்புங்கள். 1901 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் 1911 கணக்கெடுப்பில் ஒருவருக்குப் பத்தே வருடத்தில் பதினைந்து வயது கூடியிருந்தாலும் அவரை விட்டுவிடாதீர்கள். 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்துவிட்டது, அதற்கு வயது 70 ஆகியிருக்க வேண்டும்.

படி 3: பங்குப் பதிவேடு

அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்கள், பெரும்பாலும் 1880 வரை, இலவசமாக உள்ளன. அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தின் அட்டவணையில் தேடிவிட்டு, மூலப் படத்தைக் கண்ணால் பாருங்கள்.

பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், ஜோவான்னெஸ் என்றால் ஜான். குடும்பப் பெயரின் ஓ, மேக் முன்னொட்டுகள் ஒரு குழந்தைக்கு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

ஞானப்பெற்றோர் (திருமுழுக்கில் குழந்தைக்காக நிற்பவர்கள்) பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பா, மாமா, அத்தை முறையாக இருப்பார்கள். திருமணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும். மாப்பிள்ளை ஊரில் தேடி ஏமாறாதீர்கள். தவக்காலத்துக்கு (ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலம்) முந்தைய வாரங்களில் திருமணங்கள் குவிந்திருக்கும், அதனால் பிப்ரவரியிலிருந்து தொடங்குங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது பரவலான வழக்கம். துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக அல்ல.

படி 4: கிரிஃபித் மதிப்பீடு

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளியான வரி மதிப்பீடு இது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

ஒரு வரியைப் படிப்போம். இடது ஓரத்தில் '7 A a' என்றிருந்தால், 7 என்பது வரைபடத்தில் உள்ள மனை எண். A, B என்பவை ஒரே குத்தகையின் தனித்தனித் துண்டுகள். சாய்வெழுத்து a என்பது வீடு. அடுத்து குடியிருப்பவர் பெயர், அதன் பக்கத்தில் அவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர். பரப்பு 5, 2, 20 என்றால் 5 ஏக்கர், 2 ரூட், 20 பெர்ச். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். 'ஆபீஸ்' என்று பார்த்ததும் தாத்தா உத்தியோகஸ்தர் என்று முடிவுகட்டாதீர்கள், அது மாட்டுக்கொட்டகை, களஞ்சியம் போன்ற கட்டடம். 'பேட்ரிக் மர்ஃபி (ஜான்)' என்றிருந்தால், ஒரே ஊரில் இரண்டு பேட்ரிக் இருந்ததால் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை சும்மா கிடைத்த மாதிரி!

படி 5: திருத்தப் புத்தகங்கள்

எங்களைக் கேட்டால், இருப்பதிலேயே அருமையான ஆவணம் இதுதான், தொடுகிறவர்கள்தான் குறைவு. மதிப்பீட்டுக்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். மனை எண்ணைப் பிடித்துக்கொண்டு 1901 வரை வந்துவிடலாம். 'பேட்ரிக்' அடிபட்டு 1883இல் 'மைக்கேல்' வந்தால், பேட்ரிக்கின் இறப்புப் பதிவை அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். பெயரை மாற்றச் சில வருடம் தாமதமாகியிருக்கும். வட அயர்லாந்தின் ஆறு கவுன்டிகளுக்கு புரோனி (வட அயர்லாந்து பொது ஆவணக் காப்பகம்) தளத்தில் இலவசம். மற்றவற்றுக்கு டப்ளினில் உள்ள Tailte Éireann (அரசின் நிலப் பதிவு, மதிப்பீட்டு அமைப்பு) அலுவலகம்.

இன்னும் முன்னால் போக, 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரி (தேவாலயத்துக்குக் கட்டும் வரி) புத்தகங்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் உள்ளன. நகரவாசிகளும் நிலமில்லாக் கூலிகளும் இவற்றில் வரமாட்டார்கள். பரப்பைக் கிரிஃபித்தோடு ஒப்பிடும் முன் அளவைப் பாருங்கள்: பல இடங்களில் ஐரிஷ் ஏக்கர், அது சாதாரண ஏக்கரைப் போல 1.62 மடங்கு.