டெலிவரி தொழிலாளியை லினோகட்டில் பதிப்பது எப்படி?

நகரத்தில் உழைப்பவர்களை அச்சோவியமாக்க ஆசைப்படும் புதியவர்கள் லினோகட்டில் தொடங்குவது நல்லது. லினோலியம் என்ற மென்மையான தரைவிரிப்புப் பொருளின் துண்டைச் செதுக்கி, மை பூசித் தாளில் பதிக்கும் முறை இது. அமிலமும் அச்சு இயந்திரமும் வேண்டாம். ஒரு மேசையும் மரக்கரண்டியும் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளும் காட்சி இன்றைய நியூயார்க். உணவக வாசலில் மின்சைக்கிளைப் பிடித்தபடி ஆர்டருக்காக நிற்கும் டெலிவரி தொழிலாளி. 2023 டிசம்பரில் செயலிவழி உணவு கொண்டுசெல்வோருக்கு மணிக்கு 17.96 டாலர் என்ற குறைந்தபட்ச ஊதியம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கில் ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரமும் சேரும். காத்திருப்பதும் வேலைதான். அதைத்தான் செதுக்கப் போகிறோம்.

உளியை எடுக்கும் முன் இரண்டு பேரின் படைப்புகளைப் பார்த்துவிடுங்கள். ஓவியர் இசபெல் பிஷப் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1935-ல் அவர் செய்த ‘நூன் அவர்’ என்ற எட்சிங்கில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறை) மதிய இடைவேளையில் நிற்கும் இரண்டு பெண்கள் மட்டுமே. மேசை இல்லை, தட்டச்சு இயந்திரம் இல்லை. ஆனாலும் அவர்கள் நிற்கும் விதத்தில் அலுவலகம் தெரிகிறது. அடுத்தவர் கறுப்பின அமெரிக்கக் கலைஞர் எலிசபெத் கேட்லெட். 1940-களில் நியூயார்க்கின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லத்தில், பகலில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்களுக்கு வகுப்பெடுத்தார். பிறகு மெக்சிகோ நகரில் 1946-47-ல் கறுப்பினப் பெண்களைப் பற்றி 15 லினோகட்டுகள் செய்தார். அடிமைகளைத் தப்புவித்த போராளி ஹாரியட் டப்மனுக்குத் தந்த அதே கம்பீரத்தை வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் தந்தார். அந்த மரியாதை நம் படத்திலும் இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள லினோ துண்டு, ‘வி’ வாய் உளி, ‘யு’ வாய் உளி, ரப்பர் உருளை, கறுப்பு மை, மை தேய்க்க ஒரு கண்ணாடித் துண்டு, டிரேசிங் தாள், மெல்லிய நேபாளத் தாள். மையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சோப்பு நீரில் கழுவக்கூடிய எண்ணெய் மையாக வாங்குங்கள். சாதாரண நீர் மை நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

1. வரைதல்

லினோவில் செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. அதனால் கோடு போட்டு வரையாதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உணவகத்தின் கண்ணாடி சன்னல் ஆளுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போது உடல் முழுக்கக் கறுப்பு. தோள், தலைக்கவசம், முதுகிலிருக்கும் சதுரப் பையின் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் ஒளி.

முகத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். எடை எந்தக் காலில் இருக்கிறது, பையின் பாரத்தில் முதுகு எவ்வளவு வளைகிறது, குளிருக்காகக் கைப்பிடிகளில் மாட்டிய பெரிய உறைகள் எப்படித் தொங்குகின்றன என்று கவனியுங்கள். வானளாவிய கட்டடங்களை வரையும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கட்டடம் பெரிதானால் ஆள் வெறும் அலங்காரமாகிவிடுவார்.

2. படத்தை மாற்றுதல்

அச்சில் இடம் வலமாகும். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, தாளைக் குப்புறக் கவிழ்த்து லினோமேல் தேய்த்தால் இடவலம் மாறிப் பதியும். அச்சில் சரியாக வரும். கடைப் பெயர்ப்பலகை இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

3. செதுக்குதல்

லினோ கெட்டியாக இருந்தால் சற்று நேரம் வெயிலில் வைத்து எடுங்கள். வெண்ணெய் மாதிரி வெட்டும். உளி எப்போதும் உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். இன்னொரு கை உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் ஒருபோதும் கூடாது. வளைவு வந்தால் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள்.

முதலில் ‘வி’ உளியால் ஒளி விளிம்புகள். அப்புறம் ‘யு’ உளியால் சன்னலின் அகன்ற வெள்ளை. சுத்தமாக வழிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் சிறு மேடுகள் அச்சில் கோடுகளாக விழும். அவை சன்னலிலிருந்து ஆளை நோக்கி ஓடும்படி செதுக்கினால் வெளிச்சம் அசைவதுபோல் இருக்கும். சந்தேகமான இடத்தைக் கறுப்பாகவே விட்டுவையுங்கள். செதுக்கியதை மறுபடி ஒட்ட முடியாது.

4. மையும் அச்சும்

கண்ணாடியில் கொஞ்சம் மையை மெல்லியதாகப் பரப்புங்கள். உருளை ஓடும்போது மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டால் அளவு சரி. பிசுபிசுவென்று ஒட்டினால் மை அதிகம்; நுண்கோடுகள் அடைபடும். லினோவில் பல மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். தாளை ஒரே தடவையில் வைத்து, நகர்த்தாமல், மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம்வரை வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் மூலையை மறுபடி படியவிட்டு மீண்டும் தேய்க்கலாம்.

முதல் அச்சு சோதனைக்குத்தான். அதைச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். ஆள் காத்திருப்பது தெரியாவிட்டால் தோளின் ஒளியைக் கூட்டுங்கள்.

5. எண்ணிடுதல்

பென்சிலால், படத்துக்குக் கீழே இடதுபுறம் 3/15 என்பதுபோல் எண் (மொத்தம் 15 அச்சுகளில் இது மூன்றாவது), நடுவில் தலைப்பு, வலதுபுறம் கையெழுத்து. எண்ணெய் மை முழுதாகக் காயச் சில நாட்கள் ஆகும். அதுவரை தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள்.