குளம் கழுவும் ரோபோ: கரையில்தான் இருக்கிறது பராமரிப்பு

நீச்சல் குளத்தின் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி இறங்கும் ரோபோ தண்ணீருக்குள் இருக்கும்போது கெட்டுப்போவது குறைவு. வேலை முடிந்ததும் கழுவாமல் விடுவது, ஒயரை முழங்கையில் சுற்றி மூலையில் போடுவது, வெயிலில் காயவிடுவது ஆகிய மூன்றும்தான் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய குளத்தையும் பங்சாரில் இரண்டு வீட்டுக் குளங்களையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இந்த இயந்திரத்தைப் பராமரிப்பது கடினமான வேலை அன்று, சலிப்பூட்டும் வேலை. தண்ணீர்க் குழாய் ஒரு மூலையிலும் பிரஷ் இன்னொரு மூலையிலும் இருந்தால், எப்பேர்ப்பட்ட பொறுப்பாளரும் நான்காம் நாள் கழுவுவதை நிறுத்திவிடுவார். ஆகவே இயந்திரத்தைத் திறக்கும் முன், அதை வைக்கும் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

குளத்திலிருந்து ஏழெட்டுத் தப்படிக்குள் நிழலான ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய், அதில் மாட்டிய ரப்பர் குழாய், இடுப்பு உயரத்தில் ஒரு மேசை, ஆணியில் தொங்கும் பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு வாளி ஆகியவை இருந்தால் போதும். மேசை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் குளங்களுக்கான ரோபோ பெரும்பாலும் 8 முதல் 10 கிலோ எடை இருக்கும். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் கனக்கும். அதைத் தரையில் வைத்துக் குனிந்து கழுவுகிற முதுகுதான் அடுத்த வாரம் வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிறது. மேசையின் மேல்பலகையில் இடைவெளி விட்டுக் கம்புகள் அடித்திருந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

ஒயர் உள்ள ரோபோவின் மின்பெட்டிக்கும் ஓர் இடம் வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ 24 முதல் 30 வோல்ட் நேர்மின்னோட்டமாக அந்தப் பெட்டி குறைத்துக் கொடுப்பதால்தான், இயந்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்க முடிகிறது. பெட்டி குளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, தரையில் படாமல், சாரல் அடிக்காத சுவரில் இருக்க வேண்டும். அது இணையும் பிளக் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி வழியாகச் செல்கிறதா என்பதை மின்பணியாளரை அழைத்து ஒருமுறை உறுதி செய்துகொண்டு, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிற்பகலில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்லது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வடிகட்டியைக் கழுவும் முறை

ரோபோவுக்கும் குளத்தின் மணல் வடிகட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரோபோ தன் வயிற்றின் அடியில் உள்ள வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, கூடைக்குள் வடிகட்டி, முதுகு வழியாக வெளியே பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலே அதைத் தரையோடும் சுவரோடும் அழுத்திப் பிடிக்கிறது. கூடை நிரம்பினால் உறிஞ்சும் விசை குறையும். விசை குறைந்தால் சுவரில் பாதி ஏறியதும் நழுவி விழும். குளத்தின் அழுக்கெல்லாம் அந்தக் கூடைக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கழுவியே ஆக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று சொல்கிறவர், தன் குளத்தில் மரமே இல்லாதவராக இருக்க வேண்டும்.

நம் ஊரில் அப்படிப்பட்ட குளம் அரிது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள், அங்சானா மரத்தின் மஞ்சள் பூக்கள், வேலியோரக் காகிதப்பூ ஆகியவை ஒரு மாலை மழையில் குளத்தை நிரப்பிவிடுகின்றன. இவற்றுள் காகிதப்பூ பார்ப்பதற்கு மெலிதாக இருந்தாலும், நனைந்ததும் வலையின் உட்பக்கத்தில் தோல்போல ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். இதற்கு எளிய வழி, பெரிய குப்பையை ரோபோவிடம் ஒப்படைக்காமலிருப்பதே. இறக்குவதற்கு முன் நீள்கம்பு வலையால் மேற்பரப்பையும் தரையில் குவிந்த இலைகளையும் அள்ளிவிட்டு, குளத்தின் ஓரத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையையும் காலி செய்யுங்கள். பத்து நிமிட வேலை அது. கரையில் கூடையோடு போராடும் அரை மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

வெளியே எடுக்கும்போது ஒயரை மெதுவாக இழுத்து இயந்திரத்தைக் கரையோரம் கொண்டுவரலாம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கும்போது கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். விளிம்பில் சாய்த்து வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி வடியவிட்டால் எடை கணிசமாகக் குறையும். பிறகு கூடையைக் கழற்றி, இலைகளைக் குப்பைப் பையில் கொட்டிவிட்டு, ரப்பர் குழாயின் சாதாரண வேகத் தண்ணீரால் வலையை வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் நோக்கிக் கழுவுங்கள். அழுக்கு உட்பக்கத்தில்தான் தங்கியிருக்கிறது; உள்ளிருந்து அடித்தால் அதை வலைக்குள் இன்னும் அழுத்துவீர்கள். மடிப்பு வடிகட்டியாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். மழைக்கு அடுத்த நாள் அங்கே சாம்பல் நிறத்தில், கோலமாவைக் குழைத்தது போன்ற ஒரு பசை படிந்திருக்கும். வெளித்தோற்றத்தில் சுத்தமாகத் தெரியும் வடிகட்டியை உண்மையில் அடைப்பது அதுதான். பல் பிரஷால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். கார் கழுவும் உயர் அழுத்தப் பம்பைக் கொண்டு அடிக்க வேண்டாம். வலை நூல்கள் விலகிவிட்டால், பிடித்த மண் முதுகு வழியாக மீண்டும் குளத்துக்கே போகும். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் அதைப் பயன்படுத்திவிட்டு, மறுநாள் காலை குளத்தின் மூலையில் நுரை மிதக்க, நிர்வாகக் குழுவுக்கு விளக்கம் எழுதிக்கொடுத்தவன் நான்.

நுண்ணிய வலை, அகன்ற வலை என இரண்டு வகை வடிகட்டிகள் பல ரோபோக்களுக்குக் கிடைக்கின்றன. நுண்ணியது ஏறத்தாழ 50 மைக்ரான் அளவுத் துகளையும் பிடிக்கும் என்பதால் விரைவில் அடைபடும். பூ உதிரும் காலத்தில் அகன்றதையும், புகைமூட்டம் வந்து போன பின் நுண்ணியதையும் மாட்டுவது என் வழக்கம். 2015இலும் 2019இலும் புகைமூட்டம் கடுமையாக இருந்த வாரங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்த மெல்லிய கரும்படிவு எதையெல்லாம் மூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு வடிகட்டித் தொகுதி வாங்கி வைத்துக்கொண்டால், ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்யும்; இந்த இயந்திரத்துக்காக நான் செலவழித்த பணத்திலேயே பயனுள்ளது அதுதான்.

கழுவி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் பறக்கத் தொடங்கிவிடும். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உண்டு. சுத்தம் செய்ததற்குத் தண்டம் கட்டுவது யாருக்கும் பிடிக்காது.

சுவர் ஏறாத ரோபோ

ஒரு தைப்பூசத்துக்கு அடுத்த வாரம், என்னோடு வேலை செய்யும் இளைஞன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, மிஷின் சுவரு ஏற மாட்டேங்குதுண்ணே. மோட்டர் போயிருச்சு போல” என்றான். அதற்குள் அவன் ஒரு பழுதுபார்ப்புக் கடையிலும் விசாரித்திருந்தான். பார்க்காமலேயே மோட்டரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். “மோட்டர கடைசில பாப்போம் தம்பி. மொதல்ல பிளக்கப் புடுங்கிட்டு, முதுகு மூடியக் கழட்டு” என்றேன். மூடிக்குக் கீழே, தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் விரல் நீள விசிறியான இம்பெல்லரின் தண்டில், பத்துமலையில் கையில் கட்டிக்கொள்ளும் சிவப்பு மஞ்சள் கயிறு ஒன்று, நூற்கண்டுபோல இறுகச் சுற்றியிருந்தது. அதன் மேல் தலைமுடி இன்னொரு அடுக்காக. குளித்த யாரோ ஒருவரின் மணிக்கட்டிலிருந்து அவிழ்ந்தது, கூடையின் மூடி சரியாகப் பொருந்தாத இடைவெளியில் புகுந்திருக்க வேண்டும். சிறு கத்தரியால் வெட்டி, இடுக்கியால் உருவி எடுத்ததும் ரோபோ பழையபடி ஏறியது.

எனவே மாதம் ஒருமுறை, மின் இணைப்பை முற்றிலும் துண்டித்த பின், இம்பெல்லரைத் திறந்து பார்ப்பது நல்லது. பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டு முதல் நான்கு திருகுகள்தான் இருக்கும். இதழ்களில் விரிசல் இருக்கிறதா, கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கிறதா என்று கவனியுங்கள். மூடியைத் திரும்பப் போடும்போது திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

இம்பெல்லர் சுத்தமாக இருந்தும் ஏறவில்லையென்றால் பிரஷைப் பாருங்கள். கோலாலம்பூரில் மொசைக் ஓடு பதித்த குளங்களே மிகுதி. வழுவழுப்பான ஓட்டில் ரப்பர்ப் பற்கள் வழுக்கும் என்பதால், பல ரோபோக்களில் பஞ்சு போன்ற நுரைப் பிரஷ் பொருத்துகிறார்கள். அது காய்ந்தால் பலகைபோல விறைத்துவிடும். பலரும் அது கெட்டுவிட்டதாக எண்ணிப் புதியது வாங்குகிறார்கள். சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தாலே மீண்டும் மென்மையாகிவிடும். விரலால் அழுத்தினால் எழும்பாமல் அமுங்கியே கிடக்கும்போதும், ஓரங்கள் பிய்ந்து வரும்போதும்தான் மாற்ற வேண்டும். பக்கவாட்டு ரப்பர்ப் பட்டையின் பற்களும் அப்படியே: தேய்ந்து மழுங்கியிருந்தாலோ, கையால் இழுத்தால் தொளதொளவென்று இருந்தாலோ மாற்றிவிடலாம்.

பிரஷும் சரியாக இருந்தால், குற்றம் இயந்திரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. நம் மாலை மழை குளோரினை நீர்த்துப்போகச் செய்துவிடுவதால், இரண்டு நாள் கவனிக்காவிட்டால் சுவரில் கண்ணுக்குத் தெரியாத பாசிப்படலம் படியும். உள்ளங்கையால் தடவினால் வழவழப்பாக இருக்கும்; அதில் எந்த ரோபோவும் வழுக்கத்தான் செய்யும். பிஎச் அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையிலும், குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள்ளும் வைத்து, கைப்பிரஷால் ஒருமுறை சுவரைத் தேய்த்துவிட்டு முயன்று பாருங்கள். பாசியைக் கொல்ல அதிக அளவு குளோரின் கொட்டிய இரவில் ரோபோவை உள்ளே விடக் கூடாது. பல கையேடுகள் லிட்டருக்கு 4 மில்லிகிராமை உச்ச வரம்பாகக் கொள்கின்றன. அதற்கு மேல் ரப்பரும் ஒயரின் உறையும் விரைவில் வெளுத்து விறைக்கும். இதே காரணத்தால், வேலை இல்லாத நேரத்தில் ரோபோவைக் குளத்திலேயே தங்கவிடுவதும் தவறு. உப்புநீர்க் குளமாக இருந்தால், கூடையோடு சேர்த்து இயந்திரம் முழுவதையும் நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

ஒயரும் பேட்டரியும்

மிதக்கும் ஒயர் முறுக்கிக்கொள்வதுதான் பெரும்பாலோர் சொல்லும் குறை. முழங்கையில் இறுக்கிச் சுற்றிய ஒயர் அந்த வளைவையே நினைவில் வைத்துக்கொள்ளும். தண்ணீரில் விட்டதும் மீண்டும் அதே வளையமாகச் சுருண்டு, ரோபோவை ஒரு பக்கமாக இழுக்கும். அகன்ற வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி, இரண்டு கொக்கிகளில் தொங்கவிடுங்கள். ஏற்கனவே முறுக்கேறியிருந்தால், காலை வெயிலில் கார் நிறுத்துமிடத்தில் முழு நீளத்துக்கும் நேராக விரித்து ஓரிரு மணி நேரம் விடுங்கள்; ஒயரை மட்டுந்தான், ரோபோவை அன்று. இறக்கும்போதும் முழு ஒயரையும் தண்ணீரில் கொட்டாமல், குளத்தின் மறுகோடி எட்டுமளவுக்கு மட்டும் விட்டால் சிக்கல் பாதியாகக் குறையும். இறக்கிய கையோடு இயந்திரத்தை இப்புறமும் அப்புறமும் சாய்த்து, குமிழிகள் நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள். காற்று அடைபட்ட ரோபோ மிதக்கும். அது தரையில் உட்கார்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்; கரையில் வைத்து ஓட்டிப் பார்த்தால், குளிர்ச்சிக்குத் தண்ணீரை நம்பியிருக்கும் மோட்டரின் நீர்த்தடுப்பு சீல் சூடேறிக் கெடும். ஓடும்போது யாரும் குளிக்கக் கூடாது என்பதைச் சிறுவர்கள் படிக்கும் உயரத்தில் எழுதி மாட்டுங்கள்.

பேட்டரியில் ஓடும் ரோபோவுக்கு ஒயர்த் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக மின்னேற்றும் முனை இருக்கிறது. அதை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பின்னரே சார்ஜரை மாட்ட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது என்பதால், தகரக் கூரையின் கீழ் நண்பகலில் சார்ஜ் செய்வதைவிட இரவில் செய்வது மேல். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் நீண்ட நாள் கழித்துத் திரும்புவதாக இருந்தால், பாதி சார்ஜோடு குளிர்ந்த அறையில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

நாம் திறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. நடுவில் இருக்கும் மோட்டர்ப் பெட்டி நீர் புகாதபடி மூடி முத்திரையிடப்பட்டது. ஒருமுறை திறந்தால் வீட்டில் அதைப் பழையபடி அடைக்க முடியாது. ரோபோவை இயக்கியதுமே இஎல்சிபி விழுந்தாலோ, ஒயரின் உறையில் வெட்டு தெரிந்தாலோ, உடனே நிறுத்தி, விற்ற நிறுவனத்தின் பணிமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சமாளிக்கிற இடம் நீச்சல் குளம் அன்று.

என் மின்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். இம்பெல்லர் திறந்த தேதி, பிரஷ் மாற்றிய தேதி, பட்டை மாற்றிய தேதி என மூன்று வரிகள் அதில் இருக்கும். பேனா எழுத்து ஈரக் கை பட்டு அழிந்துவிடுகிறது, பென்சில் நிற்கிறது.