எல்நாட் எழுதப் போகிறீர்களா? மையத்தை முதலில் பாருங்கள்

நம் சுங்கை சிப்புட் பிள்ளைகள் யாராவது இங்கிலாந்தில் சட்டம் படிக்க எல்நாட் (LNAT) என்ற நுழைவுத் தேர்வு எழுதுவதாக இருந்தால் ஒரு விஷயம். இது பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில் கணினியில் எழுதும் தேர்வு. முதல் 95 நிமிடத்தில் 42 கேள்விகள், அப்புறம் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு முறைதான் எழுதலாம்.

அக்கா மகளுக்குக் கோலாலம்பூரில் காலை 9 மணிக்குப் போட்டுவிட்டோம், எங்கள் தப்புதான். தோட்டத்து வீட்டிலிருந்து விடியற்காலை 4 மணிக்கே கிளம்பினோம். கார் நிறுத்த இடம் தேடியே அரை மணி போனது. பிள்ளை கொட்டாவி விட்டபடி உள்ளே போனாள். மதிய நேரம் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். மையம் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரமா என்றும் பாருங்கள். கட்டணம் கட்டும் முன்பே!

ஏர்கோன் குளிருக்கு ஒரு சுவெட்டர். அப்புறம், பதிவில் கொடுக்கும் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் பெயர்களில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி-யைப் (மகள்) பதியும்போதே கவனியுங்கள்.