கார்டு கடனை அடைத்து சிபில் ஸ்கோரை மீட்பது எப்படி? ('செட்டில்ட்' நீக்குவது உட்பட)

கிரெடிட் கார்டு கடனிலிருந்து நான் வெளியே வந்த வழி இது. சம்பளக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும்.

1. முதலில் அறிக்கையை எடுங்கள்

நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிவு செய்து ஸ்கோர் தரும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அவரவர் தளத்திலேயே எடுங்கள். ஸ்கோர் காட்டும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது, மறுநாளே லோன் வேண்டுமா என்று போன் வரும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

2. வட்டி அதிகமான கடனை முதலில் முடியுங்கள்

ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வையுங்கள். வட்டி 3,500, அதற்கு ஜிஎஸ்டி 630. மினிமம் டியூ (அந்த மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய். வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரேயடியாக அடைப்பது நல்லது, அங்கே வட்டி மிகக் குறைவு. லோன் ஆப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

3. 'செட்டில்ட்' நீக்குவது

என்னை அதிகம் அலைய வைத்த படி இதுதான். பாக்கியில் பாதியைக் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம் என்று வங்கியில் சொல்வார்கள். கட்டியதும் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்று கடிதமும் வரும். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு 'செட்டில்ட்' என்றே பதிவாகும். அடுத்து எந்த வங்கியில் கடன் கேட்டாலும் மேனேஜரின் கண் அந்த வரியில்தான் நிற்கும்.

மாற்ற ஒரே வழி, விட்டுக்கொடுத்த மீதித் தொகையையும் கட்டுவது. கட்டுவதற்கு முன்பே எவ்வளவு, கட்டினால் 'குளோஸ்டு' என்று மாற்றுவார்களா என மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். போனில் சொல்வது செல்லாது. பிறகு வங்கி தரும் நோ டியூ (பாக்கி இல்லை) சான்றிதழில் கணக்கு எண், பாக்கி பூஜ்யம், கணக்கு மூடப்பட்ட தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். என் முதல் சான்றிதழில் கணக்கு எண்ணே இல்லை, திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன்.

அப்புறமும் அறிக்கை மாறாவிட்டால் சிபில் தளத்தில் 'டிஸ்பியூட்' (பதிவு தவறு என்ற புகார்) போடுங்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது, எனவே அதே நாளில் வங்கிக்கும் எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மசியாவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

4. ஸ்கோரை ஏற்றுவது

எஃப்.டி. (வங்கியில் போடும் நிரந்தர வைப்பு) மீது தரும் கிரெடிட் கார்டு ஒன்று வாங்குங்கள். சில வங்கிகளில் 20,000, 25,000 ரூபாய் போட்டாலே கிடைக்கும், வருமானச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, ஆட்டோ டெபிட்டில் 'டோட்டல் டியூ' (முழு பாக்கி) என்று தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் 'மினிமம் டியூ' தான் முதலிலேயே டிக் ஆகியிருக்கும், கவனம்.

பின்சேர்க்கை: 'குளோஸ்டு' ஆகியும் ஸ்கோர் ஏறவில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். பழைய தாமதங்கள் மாதவாரியாக 36 மாதம் வரை அறிக்கையில் தெரியும், அவை நகர நகரத்தான் ஏறும். அதற்குள் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள், கடனுக்காக வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகும். இன்னொன்று: நண்பருக்கு ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.