பாட்லக்குக்கு வடை கொண்டு போகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் மகளுடைய பள்ளியில் பாட்லக் டின்னர். இங்கே நியூ ஜெர்சியில் வருடா வருடம் நடக்கும் கூத்துதான்: ஜிம்மில் நீளமாக மேசை போட்டு, வீட்டுக்கு ஒரு பண்டம் வைத்துவிட்டால், பிள்ளைகள் கையில் எடுத்துத் தின்றபடியே ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருடம் கிண்டர்கார்டனில் பிள்ளையைச் சேர்த்த ஒரு தமிழ்ப் பெண், ஆசை ஆசையாக ஐம்பது மெதுவடை சுட்டு, அலுமினியம் ட்ரேயில் அடுக்கி, மேலே அலுமினிய பாயில் தாளை இறுக்கிச் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் பாயிலின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதே ஜிம்மில் அதே முழி முழித்தது நான்.

உப்பு பாருங்கள், நாப்கின் மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

சூடு ஆறக்கூடாது என்று மூடுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. அன்றைக்கு ஊறவைத்து அரைத்து எண்பது வடை சுட்டேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக ட்ரே, மூன்று அடுக்கு, மேலே பாயில், அதற்கு மேல் ஒரு துண்டு வேறு. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அது வடையே இல்லை, எண்ணெயில் முக்கிய ஸ்பாஞ்சு. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் டோனட் என்று நினைத்து எடுத்து, ஒரு கடி கடித்து, மிச்சத்தை ட்ரேயிலேயே மரியாதையாகத் திருப்பி வைத்தான். மீதி அறுபத்தெட்டும் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தயிர்வடையாக ஓடியது. எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் தயிர்வடை என்றால் எழுந்து போய்விடுவார்.

நடப்பது இவ்வளவுதான். பொரிக்கும்போது மேல்தோலில் இருக்கிற ஈரம் போவதால்தான் மொறுமொறுப்பு. உள்ளே இன்னும் ஈரம் நிறைய இருக்கிறது. சட்டியிலிருந்து எடுத்த பிறகும் அது ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும். மூடினால் பாயிலில் முட்டித் தண்ணீராகி, திரும்ப வடை மேலேயே சொட்டும். அடுக்கினாலோ கீழ் அடுக்கு விடும் ஆவி மேல் அடுக்கையும் ஊறவைக்கும். "அடியில் பேப்பர் டவல் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. கொஞ்ச நேரத்தில் அந்த டவலே ஈரத் துணியாகி வடையின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் கம்பி ராக்கில் ஒற்றை வரிசையாகப் போட்டு, ஆவி நிற்கும் வரை ஆறவிடுங்கள். கிளம்பும் முன் ஓவனில் 400 டிகிரி பாரன்ஹீட்டில் ஆறேழு நிமிடம் காட்டி, மூடி போடாமல், காற்றோட்டமாகவே காரில் ஏற்றுங்கள். கார் மணக்கட்டும், பரவாயில்லை. அதைவிட நல்ல வழி, மெதுவடையை விட்டுவிட்டுப் பருப்பு வடை சுடுவது. கடலைப்பருப்பைக் கரகரப்பாக, தண்ணீர் விடாமல் அரைப்பதால் அது கூடுதல் நேரம் தாங்கும். மொறுமொறுப்பே தேவைப்படாத பண்டமென்றால் இந்தக் கவலையே இல்லை: காரக் குழிப்பணியாரம், பொடி தடவிய மினி இட்லி. ஆறினாலும் ருசி குறையாது.

சூடான மசாலாவைப் பஃப்பில் வைப்பது

கடையில் உறைநிலையில் கிடைக்கும் பஃப் பேஸ்ட்ரி எனக்குப் பிடித்த குறுக்கு வழி. பெட்டிக்கு இரண்டு ஷீட். ஒன்றை ஒன்பதாக வெட்டினால் மொத்தம் பதினெட்டு. ஆனால் உருளைக்கிழங்கு மசாலா நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் மாவின் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள கொழுப்பு ஓவனுக்குப் போகும் முன்பே உருகி, பஃப் எழும்பாமல் சப்பையாகக் கிடக்கும்.

'நட்ஸ் இல்லை' என்று மட்டும் எழுதுவது

எழுதியது சரிதான், போதாது. நம் இட்லிப் பொடியில் எள் இருக்கிறது, குழைப்பது நல்லெண்ணெயில். 2021-இல் வந்த சட்டப்படி எள் அமெரிக்காவில் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். 2023 ஜனவரி 1 முதல் பாக்கெட் உணவுகளின் லேபிளில் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். அப்புறம் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலான கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். உளுந்து வடைதானே என்று 'குளூட்டன் ஃப்ரீ' எழுதி வைத்த ஆளைப் பார்த்திருக்கிறேன் (நான்தான்). ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிரவு அந்த டப்பாவைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போதெல்லாம் போட்ட சாமான் அத்தனையையும் ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி ட்ரேக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.

தேங்காய்ச் சட்னி

வேண்டாம். கெச்சப் போதும். கெட்டுப்போகும் எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இங்கே பொது விதி. டின்னர் ஆறு மணி என்று போட்டிருப்பார்கள், பேச்செல்லாம் முடிந்து சாப்பிட ஏழாகும். நீங்கள் வீட்டில் பிரிட்ஜிலிருந்து எடுத்தது ஐந்துக்கு.

பச்சை மிளகாய்த் துண்டு

அரைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போடாதீர்கள்.

எல்லாருக்கும் போதுமா என்ற பயம்

நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பழக்கம். மேசையில் இருபது பண்டம் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் எல்லாரும் கை வைக்கமாட்டார்கள். நாற்பது துண்டு, ஒரே வாயில் போகிற அளவில், தாராளம். ஐம்பது வடை கொண்டுவந்த அந்தப் பெண்ணிடமும் இதைச் சொன்னேன். "அக்கா, எண்பது சுட்டவங்க சொல்றீங்களா?" என்று சிரித்தார்.

பல்குச்சி

கிண்டர்கார்டன் பிள்ளைகள் கையில் அது வாள். பேப்பர் மஃபின் கப்பில் ஒவ்வொன்றாக வைத்துவிடுங்கள்.

எவர்சில்வர் டப்பா

திரும்பி வராது.