முதல் பப்பாளி: ஒரு மேடும் மூன்று கன்றுகளும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டைச் சுற்றி நான்கு அடி மண் இருந்தாலே அதில் ஒரு பப்பாளி நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது யாரும் நட்டதாக இருக்காது. தின்றுவிட்டு எறிந்த விதையிலிருந்து பாத்திரம் கழுவும் இடத்தில் தானாக முளைத்ததாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து, இதை வளர்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் நானும் முதன்முறை ஒரே ஒரு கன்றை வாங்கி, தண்ணீர் தவறாமல் கிடைக்குமே என்று துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் நட்டேன். ஐப்பசி மழையில் அடித்தண்டு அழுகி அது சாய்ந்தது. அடுத்த ஆண்டு மேட்டில் நட்ட இரண்டாவது கன்று நன்றாகவே வளர்ந்தது. ஆறு மாதம் கழித்து முழ நீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கியபோதுதான் அது ஆண் மரம் என்று தெரிந்தது. முதல்முறை பப்பாளி வைப்பவர்கள் தோற்பது அநேகமாக இந்த இரண்டு இடங்களில்தான் என்பதால், இங்கே அவற்றையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் விதை. பப்பாளியில் இரண்டு வகை ரகங்கள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 போன்ற ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைத்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணாக வரும். கோ 3, கோ 7, தைவானிலிருந்து வந்த ரெட் லேடி ஆகியவற்றில் ஆண் மரமே வராது. பெண் மரமும், ஒரே பூவில் ஆண் பெண் இரண்டு உறுப்புகளும் கொண்ட இருபால் மரமும் மட்டுமே வரும் என்பதால் எல்லா மரமும் காய்க்கும். இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. ரெட் லேடி வீரிய ஒட்டு ரகம். கடையில் வாங்கிய அதன் பழத்திலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்தால் தாயின் குணம் அப்படியே வராது. ஆகவே விதையையோ கன்றையோ ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த வட்டாரத்து மண்ணுக்கு எந்த ரகம் பொருந்தும் என்று விசாரித்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு நல்ல மரத்தின் பழத்திலிருந்துதான் விதை எடுக்கிறோம் என்றால், விதையின் மேலுள்ள வழவழப்பான பையை நீக்கியே ஆக வேண்டும். முளைப்பைத் தடுப்பது அதுதான். அடுப்புச் சாம்பலோடு சேர்த்துக் கோணியின் மேல் தேய்த்தால் அந்தப் பை உடைந்து, சுருக்கங்கள் உள்ள கறுப்பு விதை மிளகுபோல் வெளியே வரும். அதைக் கழுவி, தண்ணீரில் மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, அதிக நாள் வைக்காமல் விதைத்துவிட வேண்டும்.

வைகாசிக் கடைசியில் விதைப்பது இந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பது என் கணக்கு. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கில் கலந்து, அடியில் துளையிட்ட பாலித்தீன் பையில் நிரப்பி, பைக்கு மூன்று அல்லது நான்கு விதையாக ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் நீர் தெளித்தால் இரண்டு, மூன்று வாரங்களில் முளைக்கும். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் வாளியில் வெள்ளைப் படிவம் விடும் அளவுக்கு உப்பானது. இளம் கன்று அதைத் தாங்காது என்பதால் முடிந்தவரை மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. அது குடிப்பதற்கென்று வருவது. கன்றுகள் 45 முதல் 60 நாளில் நடவுக்கு ஆகிவிடும். ஆடிக் காற்று அடங்கியபின் ஆவணியில் நட்டால், பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே விதிதான். நாள் முழுக்க வெயில் பட வேண்டும். அதே இடத்தில் அரை நாள் கூடத் தண்ணீர் நிற்கக் கூடாது. மழை பெய்து முடித்த மறுநாள் காலை வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, எங்கே மண் பொலபொலவென்று இருக்கிறது, எங்கே கால் புதைகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் வேறு சோதனை தேவையில்லை. நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடியாகக் குழி எடுத்து, தோண்டிய மேல்மண்ணோடு பத்து கிலோ தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, தரைமட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு மேடாகக் கூட்டிவிட வேண்டும். நம் செம்மண்ணுக்குக் கீழே சில இடங்களில் இரண்டு அடியிலேயே பாறை தட்டும். அப்படிப்பட்ட குழி மழைக்காலத்தில் தொட்டிபோல் ஆகிவிடும் என்பதால் அங்கே மேட்டை இன்னும் அரை அடி உயர்த்துவதோ, இடத்தையே மாற்றுவதோதான் வழி. தண்ணீரைத் தண்டின் மேல் ஊற்றாமல், மேட்டைச் சுற்றி வட்ட வாய்க்கால் எடுத்து அதில் விட வேண்டும்.

அடித்தண்டு அழுகல் எப்படித் தொடங்குகிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தால் மரத்தைக் காப்பாற்றிவிடலாம். கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்கும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அப்போது மண்ணை ஒதுக்கி, மண்ணும் தண்டும் சேரும் இடத்தை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் கவலையில்லை. தோல் ஊறிய காகிதம்போல் கையோடு வந்து, உள்ளே பழுப்பாக, தேன்கூட்டைப்போல் பொக்கையாக இருந்தால் அழுகல் பிடித்துவிட்டது என்று பொருள். தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பரவாத நிலையில், அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மயில் துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு என்ற அளவில் தயாரித்த போர்டோ கலவையை வேர்ப்பகுதி நனைய ஊற்றி, மண்ணைக் காயவிட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்துப் பின்னர் கலக்க வேண்டும்.

இனி ஆண், பெண் பிரச்சினை. பூக்கும் வரை எந்த அனுபவசாலியாலும் கன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேரின் வடிவத்தையும் இலையின் வெட்டையும் வைத்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால்தான் ஆண் பெண் தனித்தனியாக வரும் ரகமாக இருந்தால் குழிக்கு ஒரு கன்று நடக் கூடாது. ஒரே மேட்டில் ஒரு சாண் இடைவெளியில் முக்கோணமாக மூன்று கன்றுகளை நட்டு, ஐந்தாறு மாதம் பொறுத்து, தை, மாசியில் பூ எட்டிப் பார்க்கும்போது கழிக்க வேண்டும். ஆண் பூ மெல்லியதாக, நீண்டு தொங்கும் காம்பில் கொத்தாக வரும். பெண் பூ தண்டை ஒட்டிக் குட்டைக் காம்பில் வரும். மொட்டாக இருக்கும்போதே அடிப்பகுதி உருண்டு பருத்திருக்கும், இதழை விலக்கினால் உள்ளே சிறு சுண்டைக்காய்போல் சூலகம் தெரியும். இருபால் பூவில் அந்தச் சூலகம் சற்று நீண்டிருக்கும். அதிலிருந்து வரும் பழமும் நீளமாக இருக்கும். முதல் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நான்கைந்து பூக்கள் வந்தபின் ஒரு நல்ல மரத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடலாம். பிடுங்கினால் நிற்கும் மரத்தின் வேரும் அசையும். தெருவில் வேறு எங்கும் பப்பாளி இல்லையென்றால் ஓர் ஆண் மரத்தைத் தோட்டத்தின் ஓரத்தில் விட்டுவைக்க வேண்டும். பதினைந்து, இருபது பெண் மரங்களுக்கு அது ஒன்றே போதும். சித்திரை வெயிலில் இருபால் மரங்கள் பிஞ்சு பிடிக்காமல் பூவை உதிர்த்தால் பயப்பட வேண்டாம். வெப்பம் தணிந்ததும் சரியாகிவிடும்.

ஆண் மரங்களைக் கழித்தபின் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மேட்டின் ஓரத்தில் ஒரு கூடை மக்கிய எருவும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் இட்டு மண் அணைத்தால் வீட்டு மரத்துக்குப் போதும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் கண்ணுக்குப் பட்டதும் ஆளைப் பதறவைப்பது. 2008-இல் தமிழ்நாட்டுக்குள் வந்த இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால்தான் கட்டுக்குள் வந்தது. கடுகைவிடச் சிறிய அந்தக் குளவிகள் இன்றும் நம் தோட்டங்களில் வேலை செய்கின்றன. கடை மருந்தை அடித்தால் முதலில் சாவது அவைதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டு, மிஞ்சியதற்கு வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு தெளித்தால் போதும். வளையப்புள்ளி நச்சுயிரி நோய் அப்படிப்பட்டதல்ல. நுனி இலை சிறுத்துத் தேமலாகி, காயில் எண்ணெய்ப் பசையான வட்டங்கள் தெரிந்தால் மருந்தே கிடையாது. மரத்தைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற மரங்களைக் காக்கும். அசுவினியால் பரவும் இந்த நோய் பூசணி இனத்துக் கொடிகளிலும் தங்கும் என்பதால், சுரை, பீர்க்கு பந்தலைப் பப்பாளிக்குப் பக்கத்தில் போடாதிருப்பது நல்லது.

ஆவணியில் நட்ட மரம் மறு ஆனி, ஆடியில் முதல் பழம் தரும். காயின் நுனியில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு ஓடியதும், நகத்தால் கீறினால் பால் கெட்டியாக வராமல் தண்ணீராகக் கசியத் தொடங்கியதும் பறிக்கலாம். பால் கையில் பட்டால் அரிக்கும். உடனே கழுவிவிட வேண்டும். காம்பைத் திருகி எடுத்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு வைக்கோலில் இரண்டு, மூன்று நாள் வைத்தால் போதும். மரத்திலேயே முழுதாகப் பழுக்கட்டும் என்று விட்டால் முதல் பழம் அணிலுக்குத்தான் போய்ச் சேரும்.