பழைய மாருதி 800-இல் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுதல்

குளிர்ந்த ஆயில் கெட்டியாகி முழுமையாக வடியாது என்பதால், முதலில் பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் ஒரே மட்டமாக நிற்கும்படி உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள்.

அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் தொடுவதற்கு முன், பக்கவாட்டிலுள்ள நிரப்பும் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது மிக முக்கியம். பல ஆண்டுகள் தொடப்படாத அந்தப் போல்ட் துருவேறி இறுகியிருக்கலாம். பழைய ஆயிலை வடித்த பிறகு அது கழலாவிட்டால், புதிய ஆயிலை ஊற்ற வழியின்றி வண்டி நின்றுவிடும்.

வடிந்த ஆயிலில் சாம்பல் நிற நுண்தூள் இருப்பது இயல்பே. கியர் பற்களின் துண்டுகள் கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் வாங்கும்போது விலையை விடத் டப்பாவில் ஜி.எல். (GL) என்று எண்ணுடன் அச்சிடப்பட்ட தரக்குறியீட்டையே கவனிக்க வேண்டும்: ஜி.எல்.-5 வகையில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பழைய கியர்பாக்ஸ்களின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைப்பவை) அரிக்கக்கூடும் என்பதால், ஜி.எல்.-4 வகையே பாதுகாப்பானது. பாகுநிலையை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை அளவை, வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிகால் போல்ட்டைப் புதிய வாஷருடன் இறுக்கி, புனலும் நீளக் குழாயும் கொண்டு, நிரப்பும் துளையின் விளிம்பில் ஆயில் மெல்லக் கசியும் வரை ஊற்றி மூடுங்கள். கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், அதைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.